மின்சாரப் பேருந்தில் சில ஆண்டுகள்: ஒரு தினசரிப் பயணியின் மதிப்பீடு

நான் நாள்தோறும் பயணிக்கும் தடத்தில் டீசல் பேருந்துகள் விடைபெற்று, மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. புதிய வண்டியில் ஏறிய முதல் வாரத்தில் எழுதும் மதிப்பீட்டில் பளபளப்பும் குளிர்ச்சியும்தான் நிறைந்திருக்கும். இருக்கை உறைகள் நைந்து, சில கோடைகளையும் மழைக்காலங்களையும் வண்டி கடந்த பிறகுதான் அதன் உண்மையான இயல்பு தெரிகிறது. அப்படிப் பழகிய பின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது, பயணியின் அனுபவம் வண்டியின் தரத்தை மட்டும் பொறுத்தது அல்ல என்பதும், பணிமனையின் மின்னிணைப்பும் கால அட்டவணையும் ஒப்பந்தத்தின் வாசகங்களும் அதை அதே அளவுக்கு முடிவு செய்கின்றன என்பதும் ஆகும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வளரும் நாடுகளின் நகரங்களில் இன்றும் ஓடும் பல டீசல் பேருந்துகளில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதன் வெப்பமும் இரைச்சலும் முன்வரிசைப் பயணிகளையும் ஓட்டுநரையும் நாள் முழுவதும் வாட்டும். மின்சாரப் பேருந்தில் அந்தத் துன்பம் அடியோடு நீங்கிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது உடல் அதிர்வதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. நெரிசலில் நொடிக்கொரு முறை கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றும் வேலை ஓட்டுநருக்கு இல்லாததால், மாலைப் பணியின் முடிவில்கூட அவர் சற்று நிதானமாக வண்டியைச் செலுத்துவதைப் பார்க்கிறேன்.

ஆனால் மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைத் தருவதால், பழகாத ஓட்டுநர் மிதித்த மாத்திரத்தில் வண்டி சட்டெனப் பாயும். நின்றுகொண்டிருக்கும் முதியவர்கள் பிடி தவறித் தடுமாறுவார்கள். மிதியிலிருந்து காலை எடுத்தவுடன், ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்பும் அமைப்பு வேகத்தைக் குறைக்கும்போதும் இதே குலுக்கல் வரும். ஓட்டுநர்களுக்கு முறையான பயிற்சி அளித்த பிறகு என் தடத்தில் இது பெருமளவு குறைந்தது. வண்டி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் பயிற்சிக்கு ஆகும் செலவு மிகச் சிறியது என்பதால், அதை முதல் நாளுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நான் மிகவும் மதிக்கும் மாற்றம் தாழ்தளம். எஞ்சினும் கியர்பெட்டியும் இல்லாததால் பேட்டரிகளைக் கூரையிலோ பின்புறத்திலோ வைத்து, ஏறும் தளத்தைத் தாழ்வாக அமைப்பது எளிதாகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்காக நடத்துநர் இறங்கி வந்து, வாசலில் மடிந்திருக்கும் சாய்தளத்தைக் கொக்கியால் இழுத்து விரிப்பார். ஒரு நிமிடத்துக்குள் அவர் யாருடைய தோளையும் பற்றாமல் உள்ளே வந்துவிடுகிறார். இந்த ஒன்றுக்காகவே இந்த மாற்றத்தை வரவேற்பேன். ஆனால் பேருந்து நடைமேடையை ஒட்டி நிற்காமல் நடுச்சாலையில் நின்றால் அதே சாய்தளம் செங்குத்தாகி, பயனற்றுப் போகிறது. நிறுத்தத்தை மறித்து நிற்கும் பிற வாகனங்களை அகற்றுவதும் இந்தத் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

எனக்கு நீண்ட காலம் மனக்குறையாக இருந்தது பிற்பகல் நேரம். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு பேருந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கடும் கோடையில் குளிர்சாதனம் முழுவேகத்தில் ஓடினால் அந்த அளவு இன்னும் கூடும். பேட்டரியை முற்றிலும் தீர்ந்துபோக விடுவதில்லை. ஒரு பகுதி எப்போதும் கையிருப்பாக இருக்க வேண்டும். காலையில் டீசல் நிரப்பிய வண்டி இரண்டு பணிமுறைகளும் ஓடிவிடும். மின்சார வண்டியோ நண்பகலைத் தாண்டியதும் பணிமனைக்குத் திரும்பியாக வேண்டும். தொடக்கத்தில் எங்கள் தடத்தை இயக்கியவர்கள் டீசல் வண்டியின் அட்டவணையை அப்படியே மின்சார வண்டிக்கும் பொருத்தியதால், மதியத்துக்குப் பின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடத்தை விட்டு மறைந்தன. ஓட்டுநரின் முன்னுள்ள திரையில் சார்ஜ் அளவு குறையக் குறைய அவர் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார். திறக்கவே முடியாத கண்ணாடிச் சன்னல்களைக் கொண்ட வண்டியில் அந்தப் பயணம் மிகக் கடினமானது. ஒரு முறை காரணம் கேட்டபோது, “பணிமனை வரைக்கும் போய்ச் சேரணும்ல சார்” என்று ஓட்டுநர் வருத்தத்துடன் சொன்னார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

நிலைமை மாறியது அட்டவணையைத் திருத்திய பிறகுதான். எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் பணிமனைக்குச் செல்லாதபடி, பயணிகள் குறைவாக உள்ள முற்பகல் இடைவெளியிலிருந்தே முறைவைத்துச் சார்ஜ் ஏற்றத் தொடங்கினார்கள். தடத்தின் கடைசி நிறுத்தத்திலும் விரைவுச் சார்ஜர்களை நிறுவினார்கள். இதற்குப் பின்னால் பயணியின் கண்ணுக்குத் தெரியாத பெரிய வேலை இருக்கிறது. நூறு பேருந்துகள் ஒரே சமயத்தில் தலா 100 கிலோவாட் இழுத்தால் அந்தப் பணிமனைக்கு 10 மெகாவாட் தேவைப்படும். அதற்கு உயர் அழுத்த மின்பாதையும் தனி மின்மாற்றிகளும் வேண்டும். மின்வெட்டு வழக்கமாக உள்ள நகரங்களில் இரண்டாவது மின்பாதையும் வேண்டும். பேருந்துகளை வாங்கிய பிறகு மின்வாரியத்தை அணுகும் நகரங்களில், புதிய வண்டிகள் மின்னிணைப்புக்காகக் காத்து நிற்பது நேர்ந்துவிடுகிறது.

இதைச் சரியாகத் திட்டமிட்ட நகரங்கள் இருக்கின்றன. சீனாவின் ஷென்சென் நகரம் 2017ஆம் ஆண்டின் இறுதிக்குள் 16,000க்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றியது. வண்டிகளோடு சார்ஜ் நிலையங்களையும் சேர்த்தே அந்நகரம் அமைத்தது. சிலியின் சாண்டியாகோ, 2018 இறுதியில் முதல் நூறு வண்டிகளோடு தொடங்கியபோது, ஒரு மின்சார நிறுவனமே பேருந்துகளை வாங்கி, சார்ஜ் வசதியையும் அமைத்து, இயக்குபவருக்குக் குத்தகைக்கு விட்டது. மின்சாரத்தை அறிந்தவர் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ள, பேருந்தை அறிந்தவர் பேருந்தை ஓட்டினார். இன்று அங்கே 2,000க்கும் மேற்பட்ட மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. கென்யாவின் நைரோபியில் ‘மட்டாட்டு’ எனப்படும் தனியார் பயணிகள் பேருந்துகளின் உரிமையாளர்கள் முழு விலையையும் ஒரே தவணையில் திரட்ட முடியாததால், பேட்டரிக்கும் சார்ஜுக்கும் ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. டீசல் வண்டியைவிட மின்சார வண்டியின் விலை மிக அதிகமாக இருப்பதும், ஓட்டும் செலவு குறைவாக இருப்பதும்தான் இத்தகைய ஏற்பாடுகளுக்கெல்லாம் காரணம்.

இந்தியாவில் 2022இல் ஐந்து பெருநகரங்களின் தேவையை ஒன்றாகச் சேர்த்து 5,450 பேருந்துகளுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. எண்ணிக்கை பெரிதானதால் கிலோமீட்டர் விலை குறைந்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் வண்டி தனியாருடையது, பயணக் கட்டணம் அரசுடையது. ஓடிய தூரத்துக்கு ஏற்பத் தனியாருக்குப் பணம் போய்ச் சேரும். பயணியாக நான் இதன் விளைவை நேரடியாக உணர்ந்திருக்கிறேன். ஏறுபவர் எத்தனை பேர் என்பதற்கும் இயக்குபவரின் வருமானத்துக்கும் தொடர்பில்லாதபோது, கூட்டமான நிறுத்தத்தில் நிற்காமல் செல்ல வண்டிக்குத் தூண்டுதல் வந்துவிடுகிறது. புகார் செய்தால், ஓட்டுநர் தங்கள் ஊழியர் அல்ல என்று ஒரு தரப்பும், பயணிகள் தங்கள் பொறுப்பு அல்ல என்று மறு தரப்பும் சொல்லிவிடுகின்றன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றதா, குளிர்சாதனம் இயங்கியதா, குறித்த நேரத்தில் கிளம்பியதா என்பவற்றை வண்டியிலுள்ள ஜிபிஎஸ் கருவியையும் உணரிகளையும் கொண்டே சரிபார்த்து, தவறினால் தொகையைப் பிடித்துக்கொள்ளும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அது ஏட்டளவில் இருந்தால் போதாது. ஒவ்வொரு மாதமும் செயல்படுத்தப்பட வேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தாலும், நிறுத்தத்தில் நிற்பவரின் முகத்தில் கரும்புகை அடிப்பதில்லை. டயரும் சாலையும் உராய்ந்து எழும் தூசி மட்டும் அப்படியே இருக்கிறது. சத்தமின்மை பார்வையற்றவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால், குறைந்த வேகத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவிக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிகளில் தனி விதியே உண்டு. அதை அணைத்து வைக்க எந்த ஓட்டுநரையும் அனுமதிக்கக் கூடாது.

இப்போது என் தடத்தில் ஓடும் வண்டிகளின் பேட்டரிகள் முதுமையின் முதல் அறிகுறிகளைக் காட்டத் தொடங்கியிருக்கின்றன. பேட்டரியின் கொள்ளளவு எண்பது விழுக்காட்டை நெருங்கும்போது, முன்பு முழு நெரிசல் நேரத்தையும் தாங்கிய சார்ஜ் ஒரு நடை முன்னதாகவே தீர்ந்துவிடும். வெப்பமான நகரங்களில் இந்தத் தேய்மானம் விரைவாகவே வரும். பத்து, பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தங்களின் நடுவே புதிய பேட்டரிக்கான செலவை யார் ஏற்பது என்பதைக் கையொப்பமிடும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். அதுவரை, தேய்ந்த வண்டிகளை நீண்ட தடங்களிலிருந்து எடுத்து மெட்ரோ நிலையங்களை இணைக்கும் குறுந்தடங்களுக்கு அனுப்பி, அந்த இடத்துக்குப் புதிய வண்டிகளைக் கொண்டுவந்தால் மாலை நேர அட்டவணை குலையாது. எங்கள் பணிமனையில் அந்த இடமாற்றம் தொடங்கிவிட்டது.