மே 16-ஆ, மே 31-ஆ? மும்பையில் படகைக் கரையேற்றும் கணக்கு

எங்கள் படகுக்கு மூன்று சொந்தக்காரர்கள். அதனால் ஒவ்வொரு மே மாதமும் மூன்று தேதிகள். மாட்டுங்கா நண்பருக்குக் கடைசி ஞாயிறு வரை ஓட்ட வேண்டும். ஆண்டாப் ஹில்லில் இருக்கும் தூத்துக்குடி அண்ணனுக்குச் சித்திரை முடிந்தாலே கை பரபரக்கும், "ஏத்திருவோம்" என்பார். செம்பூரிலிருந்து போகும் நான் நடுவில் நின்று தலையாட்டுகிறவன். இந்த முறை தலையாட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

படகு 22 அடி, பழையது, பாய்மரம், அடியில் நிலையான கீல், அதாவது படகைச் சாயாமல் பிடிக்கக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகடு. மிதக்க 1.2 மீட்டர் தண்ணீர் வேண்டும். பின்னால் வெளியே மாட்டிய சின்ன பெட்ரோல் எஞ்சின். அக்டோபர் முதல் மே வரை கேட்வே ஆஃப் இந்தியா எதிரே மிதவையில் கட்டிக் கிடக்கும். மழைக்காலத்துக்கு உரண் பக்கம் ஒரு கழிமுகத்தில் இருக்கும் யார்டில் ஏற்றுவோம்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். படகைப் பருவ முடிவில் மூடிவைப்பது எப்படி என்று தேடினால் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் பனி பெய்கிற ஊர்க்காரர்கள் போட்டவை. எஞ்சினுக்குள் நின்ற தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், வார்ப்பிரும்பே பிளந்துவிடும். அதனால் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுகிறார்கள். மும்பையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1962 ஜனவரியில் 7.4 டிகிரி. மாட்டுங்கா நண்பர் ஒரு வருடம் ஆன்டிஃப்ரீஸ் கேன் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தார். அது இன்னும் அவர் வீட்டுப் பால்கனியில் இருக்கிறது. நமக்குக் குளிர் எதிரி இல்லை. மேலிருந்து வரும் மழைத் தண்ணீரும், தென்மேற்கிலிருந்து வரும் அலையும்தான்.

சரி, இருக்கிற வழிகள் நான்கு. இரண்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஏற்றாமலே விடுவது ஒன்று. கேட்வேயில் தொழில் செய்கிற படகுக்காரர்கள் சிலர் மழையிலும் தண்ணீரில்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு ராத்திரியும் படகிலேயே தூங்க ஆள் உண்டு. நமக்கு? எங்கள் காக்பிட், அதாவது உட்கார்ந்து ஓட்டும் திறந்த பள்ளம், சுமார் 4 சதுர மீட்டர், தண்ணீர் தானாக வடியும் அமைப்பு கிடையாது. 100 மி.மீ. மழை பெய்தால் 400 லிட்டர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் பெய்தது 944 மி.மீ.; அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட நான்கு டன். பம்ப் இறைக்கும், பேட்டரி இருக்கிறவரைக்கும். செம்பூரில் படுத்துக்கொண்டு விடிய விடியக் கூரைச் சத்தத்தைக் கேட்க என்னால் முடியாது.

முதல் மழை விழட்டும், பிறகு பார்க்கலாம் என்பது இன்னொன்று. மும்பைக்குப் பருவமழை வர வேண்டிய வழக்கமான தேதி ஜூன் 11. காலண்டரில் அதைப் பார்த்துவிட்டு ஜூன் முதல் வாரம் வரை நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 2025-ல் மழை மே 26 அன்றே வந்து உட்கார்ந்துவிட்டது. கொலாபாவில் மே மாத மழைக்கு 1918 முதல் இருந்த சாதனை அன்றைக்கு உடைந்தது. அதற்கு முன் 2020-ல் நிசர்கா புயல் ஜூன் 3 அன்று அலிபாக் அருகே கரை கடந்தது. மழை வந்த பிறகு ஏற்றுவது என்றால் சேற்றில், காற்றில், கிரேன்காரர் போனை எடுக்காத நேரத்தில் ஏற்றுவது என்று அர்த்தம்.

ஆக, உண்மையான போட்டி மே நடுவுக்கும் மே கடைசிக்கும்தான்.

மே கடைசிக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது, அண்ணன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். ஊரே அந்தத் தேதியில்தான் நடக்கிறது. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் 61 நாள். கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்கு ஓடும் சின்ன ஃபெர்ரிகளும் மழைக்காலத்தில் நின்றுவிடும். பாவுச்சா தக்காவிலிருந்து வண்டிகளையும் ஏற்றிப் போகும் பெரிய ரோ-ரோ கப்பல்தான் ஓடும். இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, படகு எந்தத் தேதி வரை தண்ணீரில் இருக்கலாம் என்று வரி இருக்கிறதா பாருங்கள். எங்களுடையதில் மே 31 என்றே இருக்கிறது. அப்புறம், மே மாதத்து மாலைக் காற்று. கடற்காற்று நாலு மணிக்கு எடுத்தால் எலிபெண்டா பக்கம் ஒரே ஓட்டமாகப் போய்த் திரும்பலாம். வருடத்தில் அதைவிட நல்ல பாய் ஓட்டம் கிடையாது என்று நண்பர் சொல்வதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காற்றையே அண்ணன் வேறு மாதிரி படிக்கிறார். "கச்சான் கனக்க ஆரம்பிச்சுட்டா மிதவையை நம்பாத தம்பி." மேற்கிலிருந்து வரும் காற்றைத்தான் கச்சான் என்கிறார். மும்பைத் துறைமுகத்தின் வாய் தெற்கே அரபிக்கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மழைக்கு முந்தைய தென்மேற்கு அலை உள்ளே நுழைந்ததும், மிதவையில் கட்டிய கயிறு நாள் முழுக்க இழுபட்டுத் தேயும். இரண்டு வருடம் முன்பு மே கடைசி வாரத்தில் எங்கள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது மூன்று புரியில் ஒரு புரி அறுந்திருந்தது. குறை வேறு யாருடையதும் இல்லை. நாங்கள்தான் ஒரு வாரம் எட்டிப் பார்க்கவில்லை.

என்னை ஒரு பக்கம் சாய்த்தது காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஓதம், கடல் தண்ணீரின் ஏற்ற இறக்கம். எங்கள் யார்டு இருக்கும் கழிமுகத்தில் சாதாரண நாளில் கீல் சேற்றில் குத்தி நின்றுவிடும். அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய இரண்டு மூன்று நாளில் வரும் பெரிய ஓதத்தில்தான் உள்ளே போக முடியும். மும்பை மீனவர்களான கோளிகள் அதை உதாண் என்பார்கள். மும்பையில் அந்த நாட்களில் தண்ணீர் உச்சிக்கு வருவது நண்பகல் வாக்கில். வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் வெளிச்சத்தில் வேலை நடக்கும். ஆகவே நம் இஷ்டத்துக்கு ஒரு தேதி வைத்துக்கொள்ள முடியாது. மாதத்துக்கு இரண்டு வாசல்தான்.

2025-ஐ வைத்துப் பாருங்கள். மே 12 பௌர்ணமி, மே 27 அமாவாசை. முதல் வாசலை விட்டவர்களுக்கு அடுத்தது திறக்கும்போது மழை வந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

2026-ல் மே 16 சனிக்கிழமை அமாவாசை, மே 31 ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. பார்க்க இரண்டும் வார இறுதி, சமம் போலத்தான் தெரியும். ஆனால் பெரிய ஓதம் நிலா நாளுக்கு அடுத்த ஓரிரு நாளில்தான் வரும். மே 16-க்கு அது ஞாயிறு, திங்கள். மே 31-க்கு ஜூன் 1, 2. இருவர் லீவு போட வேண்டும், பாலிசியும் முடிந்திருக்கும். இன்னொன்று, மே நடுவில் நிலா பூமிக்கு அருகே வருகிறது, மே 31-ல் வெகு தொலைவில் இருக்கிறது. அதனால் முதல் ஓதம் உயரம், இரண்டாவது தாழ்வு. கீல் இல்லாத தட்டையான படகுக்கோ, டிரெய்லரில் ஏற்றும் படகுக்கோ இது பொருட்டே இல்லை. அவர்கள் மே கடைசி வரை தாராளமாக ஓட்டலாம், வானிலை அறிவிப்பை மட்டும் தினமும் பார்த்தால் போதும். எங்களுக்கு அந்த ஒரு சாண்தான் கணக்கு.

மே நடுவும் முழுக் காப்பு இல்லை. 2021-ல் தவ்தே புயல் மும்பையைக் கடலோரமாக உரசிப் போனது மே 17 அன்று. புயல் எச்சரிக்கை வந்தால் எந்த ஓதமாக இருந்தாலும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போயாக வேண்டும்.

ஏற்றிய பிறகு செய்வதிலும் எங்களுக்குள் சண்டை உண்டு. நண்பர் டேங்கை நிரப்பி வைக்கச் சொல்வார். டீசல் எஞ்சினுக்கு அது சரி, உள்ளே காற்று குறைந்தால் வியர்வைத் தண்ணீர் குறையும். எங்களுடையது பெட்ரோல், இப்போது அதில் 20 சதவீதம் எத்தனால். ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். காலி செய்து, நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓட்டி உப்பைக் கழுவி, கார்புரேட்டரையும் வடித்துவிடுவதே நல்லது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் மழை நுழையாது, பூஞ்சை நுழையும். இரண்டு முனையிலும் காற்றுக்கு வழி விட வேண்டும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, பின்னால் வடிகால் அடைப்பானைக் கழற்றி வீட்டுச் சாவியோடு கோத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டிய சிப்பியை ஏற்றிய அன்றே ஈரத்தோடு சுரண்டாவிட்டால் பிறகு உளி வேண்டும். பாயும் பேட்டரியும் வீட்டுக்கு வந்துவிடும், என் மனைவி முகம் சுளித்தாலும்.

மே நடுவில் ஏற்றுவதால் போவது இரண்டு வார இறுதி, 23-24-ம் 30-31-ம். நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், மறுபடி எப்போது இறக்குவது என்று கேட்டார். கோளிவாடாவில் நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விடுவார்கள், மாட்டுங்காவில் நம்மவர்கள் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே பௌர்ணமி. அதற்கே இறக்கலாம் என்றார். அண்ணன் அக்டோபர் என்றார். அந்தக் கணக்கை இன்னும் போடவில்லை. கிரேன்காரருக்கு மே 17 ஞாயிறு காலை பத்து மணி என்று சொல்லியாகிவிட்டது.