புதுக் கனெக்டருக்கு எது காவல்: பேட்டண்ட்டா, டிசைன் பதிவா?

புதுக் கனெக்டர் ஒன்றுக்கு அச்சு வெட்டி முதல் மாதிரியைக் கையில் எடுத்ததுமே தொழில் செய்பவருக்கு வரும் பயம் ஒன்றுதான். சந்தைக்குப் போன சில மாதங்களில் இதே சாமான் பாதி விலைக்கு வந்துவிடும். வெர்னியர் காலிப்பரும் ஒரு டூல் ரூமும் இருந்தால் போதும், எந்தக் கனெக்டரையும் நகலெடுத்துவிடலாம். ரகசியமாக வைத்துக்கொள்ளவும் வழியில்லை. முதல் பெட்டி விற்ற அன்றே ரகசியமும் கூடவே போய்விடுகிறது. மிச்சம் இருப்பவை இரண்டு சட்டங்கள்: 1970ஆம் ஆண்டின் பேட்டண்ட் சட்டம், 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டம். சிறு தொழில்நுட்ப மேம்பாடுகளுக்குக் குறுகிய கால உரிமை தரும் யூட்டிலிட்டி மாடல் என்று ஜெர்மனியிலும் சீனாவிலும் உள்ள நடுவழி இந்தியாவில் கிடையாது.

"டிசைனைப் பதிஞ்சு வச்சிடுங்க சார், ஆயிரம் ரூபாய்தான், சீக்கிரமே கையில சர்டிஃபிகேட் வந்துடும்" என்பது தொழிற்பேட்டைகளில் தாராளமாகக் கிடைக்கும் யோசனை. கனெக்டர் விஷயத்தில் அது பெரும்பாலும் உதவாத யோசனை என்பது என் கட்சி. கற்பனையாக ஒரு கனெக்டரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மின் ஸ்கூட்டர் பேட்டரிக்கான கனெக்டர் அது. வெளியே கறுப்பு நைலான் ஹவுசிங், தண்ணீர் புகாமலிருக்க ரப்பர் சீல், உள்ளே செம்பு டெர்மினல்கள், மேலே மடக்கிப் பூட்டும் ஒரு லீவர். டெர்மினல் பின்னால் நழுவாமல் பிடித்துக்கொள்ள இரண்டாவதாக ஒரு பூட்டு. வயரிங் ஹார்னஸ் (வண்டிக்குள் ஓடும் வயர் கட்டு) தொழிலில் இந்தப் பூட்டை டி.பி.ஏ. என்பார்கள். நம் கனெக்டரின் சாமர்த்தியம் இதுதான்: டெர்மினல் முழு ஆழத்துக்குப் போய் உட்காராவிட்டால் டி.பி.ஏ. உள்ளே நகராது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அதன் விளிம்பு லீவரின் பாதையை மறிக்கும், லீவர் மூடாது. அரைகுறையாகச் செருகிய இணைப்பு சூடேறி உருகும் அபாயம் அசெம்பிளி லைனிலேயே பிடிபட்டுவிடும். வாங்குகிற நிறுவனம் காசு கொடுப்பது இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

இதை டிசைன் பதிவுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? விண்ணப்பத்தை எங்கே கொடுத்தாலும் ஆய்வு நடப்பது கொல்கத்தாவில். முன், பின், மேல், கீழ், பக்கவாட்டுப் படங்களைப் பார்ப்பார்கள். இதே தோற்றம் இதற்கு முன் எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று தேடுவார்கள். டிசைன்களுக்கான சர்வதேச வகைப்பாடான லொகார்னோவில் கனெக்டருக்கு 13-03 என்ற இடம் உண்டு. குறைபாடுகளை எல்லாம் சரிசெய்து முடிக்க விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதம், கேட்டால் இன்னும் 3 மாதம். கிடைத்தால் 10 ஆண்டு உரிமை, அதன் மேல் 5 ஆண்டு நீட்டிப்பு. தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் உண்மையிலேயே 1,000 ரூபாய்தான்.

சிக்கல் 2(டி) பிரிவில் இருக்கிறது. டிசைன் என்பது கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படும் தோற்றம். கட்டுமான முறையும், சாராம்சத்தில் வெறும் இயந்திரச் சாதனமாக இருப்பதும் அதில் சேராது. விண்ணப்பத்தின் கடைசியில் வழக்கமாக எழுதும் வாக்கியம் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்: இந்தப் பதிவின் மூலம் பொருளின் எந்த இயந்திரச் செயல்பாட்டுக்கும் உரிமை கோரவில்லை என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். லீவரை டி.பி.ஏ. மறிக்கும் ஏற்பாட்டை அந்த ஒரு வரியிலேயே எதிராளிக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. அவர் ஹவுசிங்கைச் சதுரத்திலிருந்து கொஞ்சம் உருட்டி, லீவரின் நுனியை மாற்றி, உள்ளே இருக்கும் ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பதிவு கிடைத்துவிட்டாலும் அது நீதிமன்றத்தில் நிற்குமா என்பது தனிக் கேள்வி. இதற்குக் கனெக்டர் உலகத்திலிருந்தே ஒரு பழைய வழக்கு உண்டு: ஏ.எம்.பி. எதிர் யூட்டிலக்ஸ், 1971, அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை. துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு ஹூவர் நிறுவனம் கேட்டதற்கிணங்க ஏ.எம்.பி. ஒரு மின் டெர்மினலை உருவாக்கி அதன் தோற்றத்தை டிசைனாகப் பதிந்திருந்தது. இதே வேலையை வேறு வடிவிலும் செய்யலாமே, ஆகவே இந்த வடிவம் நாங்கள் தேர்ந்தெடுத்ததுதானே என்பது அவர்கள் வாதம். சபை ஏற்கவில்லை. அந்த டெர்மினலின் ஒவ்வொரு வளைவும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக வந்தது, கண்ணைக் கவர வந்ததல்ல. இயந்திரத்துக்குள் போய் மறைகிற சாமானின் அழகை யாரும் பார்த்து வாங்குவதில்லை. பதிவு செல்லாது என்று தீர்ப்பானது. நம் சட்டத்திலும் கண்தான் அளவுகோல் என்பதால் இந்தத் தீர்ப்பு இங்கேயும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அமெரிக்காவில் 1996இல் பெஸ்ட் லாக் வழக்கில் ஏறக்குறைய இதே கதை, சாவியை வைத்து. வெட்டாத சாவியின் அலகு வடிவத்துக்கு டிசைன் பேட்டண்ட் வாங்கியிருந்தார்கள். அந்த அலகு அந்தப் பூட்டின் துவாரத்தில் நுழைய வேண்டும் என்பதைத் தவிர அதன் வடிவத்துக்கு வேறு காரணமில்லை என்று ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி நியூமன் மட்டும் மாறுபட்டார்: பூட்டையும் சாவியையும் சேர்த்தே வேறு எத்தனையோ வடிவங்களில் செய்யலாமே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வாதம் எடுபடுவது குறைந்துகொண்டே வருகிறது. 2018இல் டோசெராம் வழக்கில் (வெல்டிங்குக்கான மையப்படுத்தும் பின்கள் பற்றியது) ஐரோப்பிய நீதிமன்றமும், மாற்று வடிவங்கள் இருப்பது மட்டும் போதாது, அந்த வடிவத்தை முடிவுசெய்தது தொழில்நுட்பக் காரணம் மட்டும்தானா என்று பார்க்க வேண்டும் என்றது. செருகியும் துளையும் பொருந்தும் முகம்தான் கனெக்டரின் உயிர். அந்த முகத்தை டிசைனாகக் காப்பாற்ற நினைப்பது வீண் செலவு.

அதற்காக டிசைன் பதிவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கார் சார்ஜ் போடும் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சி.சி.எஸ். 2 என்ற கார் சார்ஜிங் வகை என்றால் அதன் முன்முகம் ஐ.இ.சி. 62196 என்ற சர்வதேசத் தரநிலையில் மில்லிமீட்டர் கணக்கில் விதிக்கப்பட்டது. அதில் யாருக்கும் சொந்தம் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் கைப்பிடியின் வளைவு, விளக்கு வரும் இடம், உடலின் கோடுகள் எல்லாம் வாடிக்கையாளர் தினமும் பார்த்துப் பிடிக்கும் பாகங்கள். அங்கே டிசைன் பதிவு அருமையாக வேலை செய்யும். எக்ஸ்டென்ஷன் போர்டு, வீட்டுச் சுவரில் தெரியும் சாக்கெட் போன்றவையும் இதே ரகம்.

இன்னொன்று: டிசைனாகப் பதியத் தக்க ஒன்றைப் பதியாமலேயே விட்டுவிட்டு, வரைபடத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறதே என்று நினைத்தால் அதுவும் கைகொடுக்காது. தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தவுடன் அந்த உரிமை போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. கனெக்டரில் 50 என்பது அரை மணி நேர உற்பத்தி.

பேட்டண்ட் பக்கம் வருவோம். தமிழ்நாட்டுக்காரர் தாக்கல் செய்யும் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. தாக்கல் செய்தால் மட்டும் ஆய்வு தொடங்காது. தனியாகக் கேட்க வேண்டும். முன்பு 48 மாதம் அவகாசம் இருந்தது, 2024 மார்ச் 15க்குப் பிறகு தாக்கலானவற்றுக்கு 31 மாதம்தான். ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், பெண் விண்ணப்பதாரர் என்றால் விரைவு ஆய்வு கேட்கலாம். அப்புறம் வருவது எஃப்.இ.ஆர். எனப்படும் முதல் ஆய்வறிக்கை. அதற்குப் பதில் தர 6 மாதம், நீட்டித்தால் இன்னும் 3.

கனெக்டருக்கான எஃப்.இ.ஆரில் என்ன இருக்கும் என்பதைக் கிட்டத்தட்ட முன்கூட்டியே எழுதிவிடலாம். சர்வதேச வகைப்பாட்டில் எச்01ஆர் என்பதுதான் கனெக்டர்களின் வீடு. அதில் 13ஆம் தொகுதிக்குள் பூட்டு, சீல், லீவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. யஸாக்கி, சுமிடோமோ போன்ற ஜப்பானிய ஹார்னஸ் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக அந்த அறைகளை நிரப்பி வைத்திருக்கின்றன. சீன யூட்டிலிட்டி மாடல்கள் வேறு. "ஹவுசிங், டெர்மினல்கள், லீவர், இரண்டாம் பூட்டு ஆகியவற்றைக் கொண்ட கனெக்டர்" என்று முதல் கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்தை, எழுதினால், ஆய்வாளர் தேடி எடுத்த பழைய ஆவணங்களில் டி1 என்பதில் லீவர் இருக்கிறது, டி2 என்பதில் டி.பி.ஏ. இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது இத்துறையில் தேர்ந்த எவருக்கும் தோன்றக்கூடியது என்று பதில் வரும். கூடவே பேட்டண்ட் சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் வரும்: தனித்தனியே தெரிந்த வேலையைத் தெரிந்த விதத்திலேயே செய்யும் சாதனங்களை அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது.

இந்த இடத்தில் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் நம் கனெக்டர் ஜெயிக்க வேண்டிய இடமே இதுதான். லீவர் தன்பாட்டுக்கும் டி.பி.ஏ. தன்பாட்டுக்கும் இயங்கினால் ஆய்வாளர் சொல்வது சரி. இங்கே ஒன்றின் நிலை மற்றதன் அசைவைத் தடுக்கிறது. ஆகவே கிளெய்மைச் சுருக்கி, "டெர்மினல் முழு ஆழத்தை எட்டாத நிலையில் இரண்டாம் பூட்டின் விளிம்பு லீவரின் சுழற்சிப் பாதையில் நின்று அது மூடுவதைத் தடுக்கும்" என்று எழுத வேண்டும். எழுதலாம், ஆனால் ஒரு நிபந்தனை: முதல் நாள் தாக்கல் செய்த விவரணையில் இது இருந்திருக்க வேண்டும். அங்கே சொல்லாததைப் பிற்பாடு நுழைக்க 59ஆம் பிரிவு விடாது. லீவர் திறந்த நிலையில் ஒரு குறுக்குவெட்டுப் படம், மறிக்கும் நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று என்று மூன்று படம் போடச் சோம்பல்பட்டு, அழகான 3டி படம் ஒன்றை மட்டும் வைத்துத் தாக்கல் செய்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

எவ்வளவு புதுமை இருந்தால் போதும்? 1978இல் விஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து வைக்கும் கருவிக்கான பேட்டண்ட் அது. பட்டறையில் சாதாரணமாக நடக்கும் மேம்பாட்டைவிடக் கூடுதலாக ஏதாவது இருந்தாக வேண்டும் என்று சொல்லி, அந்த பேட்டண்ட் செல்லாது என்றார்கள்.

முன்பே இருக்கும் எண்ணத்துக்குள்ளும் பேட்டண்ட் வாங்கலாம் என்பதற்கு ஆப்பிள் லேப்டாப்பின் சார்ஜர் இணைப்பான மேக்சேஃப் நல்ல சாட்சி. காந்தத்தால் ஒட்டி, காலில் தட்டினால் கழன்றுகொள்ளும் மின் இணைப்பு ஜப்பானிய வெந்நீர்ப் பாத்திரங்களிலும் அமெரிக்க டீப் ஃப்ரையர்களிலும் அதற்கு முன்பே இருந்தது. காந்தம் என்ற எண்ணத்துக்கு மட்டும் யாரும் உரிமை வாங்கியிருக்க முடியாது. 2005 செப்டம்பரில் தாக்கல் செய்த விண்ணப்பத்துக்கு 2007 டிசம்பர் 25 அன்று 7,311,526 என்ற எண்ணில் பேட்டண்ட் கிடைத்தது. கணினிக்கேற்ற கட்டமைப்பைப் பிடித்துக்கொண்டதால் வந்த பலன் அது.

காசுக் கணக்கு. சிறு நிறுவனத்துக்குத் தாக்கல் 1,600, ஆய்வு 4,000, விரைவு ஆய்வு என்றால் 8,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்பு; 20 ஆண்டும் உயிரோடு வைத்திருந்தால் அதற்கு மட்டும் 76,800. ஏஜென்ட் கட்டணம் தனி, அதுதான் பெரிய தொகை. டிசைனைவிடப் பல மடங்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திருடியவர் அகப்பட்டால் என்ன கிடைக்கும் என்றும் பார்க்க வேண்டும். டிசைன் சட்டத்தின் 22ஆம் பிரிவில் ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் இல்லை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000தான் உச்சவரம்பு. அது வேண்டாமென்றால் தடையாணையும் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாம். எதிராளி "இது டிசைனே இல்லை" என்று கிளம்பினால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும், ஏ.எம்.பி. கதை திரும்பும். பேட்டண்ட்டிலும் செல்லாது என்ற எதிர்வாதம் வரத்தான் செய்யும். ஆனால் ஆய்வாளரின் டி1, டி2வை ஒருமுறை தாண்டி வந்த கிளெய்ம் என்பதால் நிற்கும் பலம் கூடுதல்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: உரிமையைத் திறந்து விடுவது. ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏதர் எனர்ஜி, தன் சார்ஜிங் கனெக்டரின் அறிவுசார் உரிமையை 2021இல் மற்ற தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் தந்தது. 2023இல் அது ஐ.எஸ். 17017, பகுதி 2, பிரிவு 7 என்ற இந்தியத் தரநிலையாயிற்று. கனெக்டரை விற்றுப் பிழைக்காமல் வண்டியை விற்றுப் பிழைப்பவருக்கு இது கெட்டிக்காரத்தனமான கணக்கு. எல்லா வண்டியிலும் ஒரே துளை இருந்தால் சார்ஜர் வலை பெருகும், அது அவருக்கே லாபம். கனெக்டரை மட்டுமே விற்பவர் இதைப் பின்பற்றினால் கடையை மூட வேண்டியதுதான்.

நம் ஸ்கூட்டர் கனெக்டருக்கு என் ஓட்டு பேட்டண்ட்டுக்கே. ஹவுசிங் வெளியே தெரிகிறது, பார்க்கவும் தனித்து இருக்கிறது என்றால் கூடவே டிசைனும் போடலாம். இரண்டையும் போடுவதானால் ஒரே நாளில் போடுங்கள். டிசைன் முந்திக்கொண்டு பதிவாகி வெளியானால், அந்தப் படமே நாளைக்கு உங்கள் பேட்டண்ட் விண்ணப்பத்துக்கு எதிராக டி1 ஆக வந்து நிற்கும். பேட்டண்ட் விவரணையில் "இந்தச் சரிவு லீவர் நழுவாமலிருக்க அவசியம்" என்று எழுதிய பாகத்தை டிசைனின் புதுமையாகக் காட்டவும் கூடாது. எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரியே போதும். தாக்கல் செய்யும் முன் கண்காட்சி ஸ்டாலில் மாதிரியை வைப்பதும், வாடிக்கையாளருக்கு ரகசிய ஒப்பந்தமில்லாமல் அனுப்புவதும் இரண்டு வழியையும் அடைத்துவிடும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் முந்துரிமைக் கெடுவில் (இங்கே தாக்கல் செய்த தேதியையே அங்கேயும் காட்டிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம்) கவனம் வேண்டும்: பேட்டண்ட்டுக்கு 12 மாதம், டிசைனுக்கு 6 மாதம்தான்.