பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரோமர் வகுப்பு: யார் போகலாம்?

எபேசியர் 2:8-ஐ மனப்பாடம் பண்ணாமல் நம் தமிழ்ச் சபைகளில் யாரும் ஞாயிறு பள்ளியைத் தாண்டியிருக்க மாட்டார்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். அப்படி ஒப்பித்தவர்களே வயதாகிப் படுக்கையில் விழுந்ததும், "நான் செய்தது போதுமா, ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா" என்று கலங்கிப் போகிறார்கள். என் அம்மா கடைசி மாதங்களில் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பவுல் அப்போஸ்தலன் எழுதிய ரோமர் நிருபத்தை வைத்து, அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துப் பேசும் வகுப்பு ஒன்று கோலாலம்பூரில் தமிழில் நடக்கிறது. நான் முழுவதும் உட்கார்ந்து முடித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

இடம், பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு தமிழ்ச் சபையின் பின்கட்டு மண்டபம். வகுப்பை நடத்தும் போதகர் ஐயா விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சபையின் பெயரைப் போடவில்லை. அந்த வட்டாரத்தில் தமிழ் ஆராதனைக்குப் போகிறவர்கள் யாரை விசாரித்தாலும் வழி சொல்வார்கள். வியாழக்கிழமை மாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடியும். மொத்தம் எட்டு வாரம். கட்டணம் கிடையாது, காணிக்கைப் பையும் சுற்றாது. கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம். காரில் வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது நல்லது. ஜாலான் துன் சம்பந்தனில் மாலை நேரத்து நெரிசலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போதகர் ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பிரசங்கிக்கிறவர் இல்லை. வெள்ளைப் பலகையில் எழுதுவார், கேள்வி கேட்பார், பதில் வரும் வரைக்கும் காத்திருப்பார். அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது. நம் கூட்டங்களில் கேள்வி கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைக்கிற பழக்கம் இருக்கிறது. இங்கே கேள்வி வராத நாளில்தான் அவர் கவலைப்பட்டார்.

இரண்டாம் வாரம் ஆபிரகாமை எடுத்தார். பலகையில் 86, 99 என்று இரண்டு எண்களை மட்டும் எழுதிவிட்டு ஆதியாகமத்தைத் திறக்கச் சொன்னார். 15-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கர்த்தரை விசுவாசிக்கிறான், கர்த்தர் அதை அவனுக்கு நீதியாக எண்ணுகிறார். 16-ஆம் அதிகாரத்தின் முடிவில் இஸ்மவேல் பிறக்கும்போது அவனுக்கு 86 வயது. விருத்தசேதனம் (சுன்னத்து) பண்ணிக்கொள்வதோ 17-ஆம் அதிகாரத்தில், 99 வயதில். அப்படியென்றால் தேவன் அவனை நீதிமானாக ஏற்றுக்கொண்டதற்கும் அந்த அடையாளம் அவன் உடம்பில் ஏறியதற்கும் நடுவில் குறைந்தது 13 வருஷம் ஓடியிருக்கிறது. ரோமர் 4:10-ல் பவுல் கேட்பதும் இதுதான்: எப்போது அப்படி எண்ணப்பட்டது, விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா? எத்தனையோ முறை வாசித்த வசனம் அது. அதில் இப்படி ஒரு காலக்கணக்கு இருப்பதை யாரும் எனக்குக் காட்டியதில்லை. "அவன் ஒரு சடங்கும் செய்யாதபோதே தேவன் அவனைச் சேர்த்துக்கொண்டார். நீங்கள் எதைச் செய்து முடித்த பிறகு வரலாம் என்று காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எனக்கு நெஞ்சில் தைத்தது அதே அதிகாரத்தின் நான்காம் வசனம். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." கிரியை என்றால் செயல், வேலை. நான் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். சம்பளம் என்றால் இபிஎப் (சேமநிதி) பிடிக்க வேண்டும், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) பிடிக்க வேண்டும். ஆனால் பெருநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ முதலாளி அன்பளிப்பாகக் கொடுக்கும் பணத்துக்கு இபிஎப் கிடையாது. வேலைக்குக் கொடுத்ததா, சும்மா கொடுத்ததா என்று பார்த்துப் பிரிப்பது என் அன்றாட வேலை. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். இதை நான் வகுப்பில் சொன்னபோது போதகர் ஐயா, "பவுலும் இதைத்தான் சொல்கிறார் அம்மா, இரண்டையும் ஒரே வரியில் எழுதாதே என்கிறார்" என்றார்.

அதைத் தொடர்ந்து மத்தேயு 20-க்குப் போனோம். திராட்சத்தோட்டத்துக்கு விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் அதே ஒரு பணம். எங்கள் வரிசையில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தோட்டத்தில் பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது, கிராணி என்றால் பேர் எழுதும் கணக்கர். அவர் எழுந்து நின்று, "ஐயா, இது எப்படிங்க நியாயம்? பெரட்டுக்குப் பிந்தி வந்தா எங்க கிராணி பேரே எழுத மாட்டாரு. நான் இருட்டுல போயி மரம் வெட்டுனவ. நாப்பது வருஷமா வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கேன். நேத்து ஞானஸ்நானம் வாங்குனவனும் நானும் ஒண்ணா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, உண்மையான வருத்தம் இருந்தது.

போதகர் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. பாட்டியின் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, அந்த நாப்பது வருஷத்துல ஒரு வெள்ளிக்கிழமையாவது தவறியிருக்கா?"

"தவறியிருக்கு ஐயா. உடம்பு முடியாத நாள்ல."

"அப்படித் தவறுன நாள்ல ஆண்டவர் உங்க பேரை எழுதாம விட்டுட்டாரா?"

பாட்டி யோசித்தார். "இல்லீங்க. அப்பத்தான் அவர் கிட்ட இருந்தாரு" என்றார்.

"உங்க உபவாசத்தை யாரும் தள்ளலைம்மா. அது அவர் மேல வச்ச அன்புல வந்தது. ஆனா உங்க பேரை எழுதுனது அது இல்ல, சிலுவை எழுதுச்சு." பாட்டி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வாரமும் வந்தார், இன்னும் கேட்டார். ஒரே பதிலில் தீர்ந்துவிடுகிற விஷயம் இல்லை இது என்பதைப் போதகரும் அறிந்திருந்தார்.

கிருபை மட்டும்தான் என்றால் இஷ்டத்துக்கு வாழலாமே என்ற கேள்வியை ஒரு பல்கலைக்கழக மாணவர் கேட்டார். யாராவது கேட்டே தீர வேண்டிய கேள்வி. ரோமர் 6-ஆம் அதிகாரம் தொடங்குவதே இந்தக் கேள்வியோடுதான். இந்த இடத்தில் பல பிரசங்கிகள் பயந்து, கிருபையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்வார்கள். இவர் பிடுங்கவில்லை. எபேசியர் 2:8, 9 வசனங்களோடு நிறுத்தாமல் 10-ஐயும் சேர்த்து வாசிக்கச் சொன்னார். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது அது. கிரியை தேவை, ஆனால் அது வேர் இல்லாமல் வராது, வேரை அது உண்டாக்கவும் முடியாது என்று விளக்கினார்.

யாக்கோபு நிருபத்துக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கியிருந்தார். எட்டு வாரத்தில் சிறந்த வகுப்பு அது. விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்கிறது. ரோமர் 3:28-க்கு நேர் எதிராகத் தெரிகிறது. இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆதியாகமம் 15:6-ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பவுல் நிற்பது அந்த 15-ஆம் அதிகாரத்தில். யாக்கோபோ 22-ஆம் அதிகாரத்துக்கு, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாளுக்குப் போகிறார். அதற்குள் எத்தனையோ வருஷம் கடந்துவிட்டது. பவுல் பேசுவது தேவனிடம் வருகிறவனைப் பற்றி. யாக்கோபு பேசுவது வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, பசியோடு வாசலில் நிற்கும் சகோதரனை வெறுங்கையோடு அனுப்புகிறவனைப் பற்றி. தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அதே யாக்கோபு 2:19-ல் இருப்பதையும் போதகர் காட்டினார்.

வரலாற்று வகுப்பைப் பற்றி எனக்குக் குறை உண்டு. கிருபையைப் பற்றி எதிரெதிராக வாதாடிய அகஸ்டினும் பெலேஜியஸும், அதே விஷயத்துக்காக 529-ல் கூடிய ஆரஞ்ச் சங்கம் (திருச்சபைத் தலைவர்களின் கூட்டம்), 1517-ல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கத்தின் தீர்மானம், 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்க், 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ரோமருக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசிக்கக் கேட்டு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல் கொண்டது என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் அடைத்துவிட்டார். குறைந்தது இரண்டு வாரமாவது தேவை. நான் மெதடிஸ்ட் வீட்டில் வளர்ந்தவள். மனிதன் தேடுவதற்கு முன்பே அவனைத் தேடி வருகிற கிருபை என்று வெஸ்லி எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அதற்குக் கிடைத்தது ஐந்து நிமிஷம். அது எனக்கு வருத்தம்தான்.

ஆனாலும் ஒன்றை மெச்சத்தான் வேண்டும். கத்தோலிக்கர்களை மட்டம் தட்டவில்லை. வகுப்பில் பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு கத்தோலிக்கத் தம்பதி இருந்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போகிறவர்கள். நீதிமானாக்கப்படுவதற்கு முன் மனிதன் செய்யும் எதுவும் அந்தக் கிருபையைச் சம்பாதித்துத் தராது என்று திரெந்து சங்கமே சொன்னதைப் போதகர் வாசித்துக் காட்டினார். விசுவாசம் மட்டுமே என்ற போதனையை அதே சங்கம் சபித்ததையும் மறைக்கவில்லை. அப்புறம் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனத்துக்கு வந்தார். நம்முடைய எந்தத் தகுதியையும் பார்த்து அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டது அதில்தான். 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்தச் சபைகளும் அதில் இணைந்துகொண்டார்கள். வேறுபாடுகள் இன்னும் இருக்கின்றன, அவற்றையும் சொன்னார். அந்தத் தம்பதி கடைசி வாரம் வரை வந்தார்கள்.

கிருபை இலவசம் என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேறொரு இடத்தில் நான் கேட்ட போதனை அப்படி. பெயர் வேண்டாம். விதைப்புக் காணிக்கை என்று உறையைக் கையில் கொடுத்து, ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) விதைத்தால் ஆசீர்வாதம் அறுவடையாகும் என்பார்கள். வீட்டு வாடகைப் பணத்தை அந்த உறையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அற்புதம் நடக்காதபோது, உங்கள் விசுவாசம் போதவில்லை என்று பழியும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. தேவன் இலவசமாகக் கொடுப்பதற்கு விலைச்சீட்டு ஒட்டுவது ஏழைகளுக்குச் செய்யும் கொடுமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சரி, திருத்திக்கொள்ள வேண்டியவை. பாடத்தாள்கள் நகல் மேல் நகல் எடுத்து எழுத்தே மங்கிப்போய்விட்டது. பாட்டி மாதிரி ஆட்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரலாம். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நிறையப் பேர் வசிக்கிறார்கள், வகுப்புக்கும் ஒருவர் வந்தார். போதகர் ஒவ்வொரு வசனத்தையும் சத்தமாக வாசித்ததால் அவர் சமாளித்தார். பாடத்தை ஒலிப்பதிவாகக் கொடுத்தால் இன்னும் உதவும். தமிழ்ப்பள்ளியில் படிக்காத இளைஞர்களுக்கு பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் சிரமமாக இருக்கிறது. பக்கத்தில் மலாய் அல்லது ஆங்கில வசனத்தையும் போட்டால் அவர்கள் நிலைப்பார்கள். நான்காம் வாரத்துக்குப் பிறகு இளைஞர் கூட்டம் பாதியாகக் குறைந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். குளிர்சாதனம் மிகவும் பலமாக இருக்கிறது, ஒரு சால்வை எடுத்துப் போங்கள். முடிந்ததும் கடலைச் சுண்டலும் தே ஓவும் (பால் சேர்க்காத தேநீர்) தருகிறார்கள். பாதி விவாதம் அங்கேதான் நடக்கும், உடனே கிளம்பிவிடாதீர்கள்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கனமாக இருக்கலாம். முதலில் லூக்கா சுவிசேஷத்தை வாசித்துவிட்டு வரட்டும். வருஷக்கணக்காகச் சபையில் ஓடி ஓடி உழைத்து, உள்ளுக்குள் இன்னும் பயத்தோடு இருக்கிறவர்களும், வீட்டில் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் அவசியம் போக வேண்டும். பெற்றோரையும் அழைத்துப் போங்கள், படி ஏற வேண்டியதில்லை, மண்டபம் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், அந்த அரை மதிப்பெண் வரலாற்று வகுப்புக்காகக் குறைத்தது.

அடுத்த சுற்று ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கும், கலாத்தியர் நிருபம். பெயர் பதிய வேண்டிய அவசியமில்லை. வேதாகமமும் ஒரு பேனாவும் இருந்தால் போதும். முதல் வாரத்தைத் தவறவிட்டாலும் நடுவில் சேர்ந்துகொள்ளலாம் என்று போதகர் சொல்லியிருக்கிறார்.