ஏபியு டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேர்: நான்கு குளிர்காலம் கழித்து

டொராண்டோவுக்கு மேற்கே, 401 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஏபியு தான். நான்கு குளிர்காலமாக, அதன் பழுதைக் கண்டுபிடிக்கும் ஒரே டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அது என்ன லட்சணம் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர் என்று சொல்லப் போவதில்லை. பட்டறைக்கு அவர்களோடு டீலர் ஒப்பந்தம் இருக்கிறது, எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, இந்த வகைச் சாஃப்ட்வேர்களில் பெரும்பாலும் நிறம்தான் வேறு, குணம் ஒன்றுதான்.

ஏபியு (ஆக்சிலரி பவர் யூனிட்) என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. படுக்கைக் கேபின் உள்ள லாரியின் சாசியில், பக்கவாட்டில் ஒரு பெட்டி தொங்கும். உள்ளே சின்ன டீசல் இன்ஜின், பெரும்பாலும் இரண்டு சிலிண்டர். அது பெல்ட் போட்டு ஏசி கம்ப்ரசரையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றும், சில மாடல்களில் ஜெனரேட்டரைச் சுற்றும். அமெரிக்க விதிப்படி டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் அடுத்த 11 மணி நேர ஓட்டத்துக்கு உட்கார முடியும். அந்த 10 மணி நேரமும் பெரிய இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டால் மணிக்கு சுமார் 3 லிட்டர் டீசல் போகும். ஏபியு அதில் மூன்றில் ஒரு பங்கைக் குடித்துவிட்டு அதே வேலையைச் செய்யும். அப்புறம் சட்டமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2008 முதல், படுக்கைக் கேபின் லாரியாக இருந்தாலும், பொதுவாக 5 நிமிடத்துக்கு மேல் பெரிய இன்ஜினைச் சும்மா ஓடவிடக்கூடாது. நாமக்கல்லில் நான் தொழில் கற்ற காலத்தில் கிளீனர்கள் லாரிக்கு அடியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள், அவர்களுக்கு எந்தச் சாஃப்ட்வேரும் தேவைப்படவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் ஒரு மாதம் சாஃப்ட்வேரைப் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம், கேபிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய யூனிட்டுகளுக்கு சீரியல் கேபிள், லேப்டாப்பிலோ யூஎஸ்பி மட்டும்தான், நடுவில் ஒரு மாற்றி வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று ஒன்று வாங்கினேன். உள்ளே இருந்தது போலிச் சிப், விண்டோஸில் மஞ்சள் முக்கோணம் போட்டு "கோடு 10" என்று காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. நல்லதாக வேறொன்று வாங்கிய பிறகும் தொல்லை தீரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு யூஎஸ்பி துளைக்கும் விண்டோஸ் ஒரு காம் போர்ட் எண் கொடுக்கும். நேற்று இடப்பக்கம் செருகினால் 4, இன்று வலப்பக்கம் செருகினால் 7, சாஃப்ட்வேரோ நேற்றைய 4ஐயே தேடிக்கொண்டு "யூனிட் பதில் சொல்லவில்லை" என்று புலம்பும். யூனிட்தான் செத்துவிட்டது என்று நினைத்து நான் ஒரு மத்தியானம் முழுக்க அதன் மூளையான கன்ட்ரோலரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒரு துளைக்கு மேல் மகளின் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு இருக்கிறது. அதில் மட்டும்தான் கேபிள்.

புது யூனிட்டுகள் சில ஜே 1939 என்ற லாரி டேட்டா லைனில் லாரியோடு சேர்ந்து பேசும், ஒன்பது பின் உருண்டை கனெக்டர். இதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாஃப்ட்வேரைத் திறக்கும் முன், பவரை அணைத்துவிட்டு, சி, டி என்ற இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைப்பேன். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும், சேர்த்துப் பார்த்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கேயோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, அதைச் சரி செய்யாமல் லேப்டாப்பைத் திறந்து பிரயோஜனம் இல்லை. இந்த வேலை அரை நிமிடம்தான் ஆகும். சாஃப்ட்வேரின் உதவிப் பக்கம் எதிலும் இது எழுதியிருக்காது. கேபிள் வாங்குபவர்கள் பச்சைக் கனெக்டர் வைத்ததாக வாங்குங்கள், அது பழைய கறுப்புச் சாக்கெட்டிலும் போகும், கறுப்பு பச்சையில் போகாது.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

லைவ் டேட்டா பக்கம் நன்றாகவே இருக்கிறது. பேட்டரி வோல்ட், இன்ஜின் வேகம், கூலன்ட் சூடு, எந்த ரிலே ஆன், எது ஆஃப், எல்லாம் ஒரே திரையில். இதில் நான் அதிகம் பயன்படுத்துவது ஒரு சின்ன வித்தை. கூலன்ட் சூடு தப்பாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் பிளக்கைக் கழற்றினால் திரையில் மைனஸ் 40 பக்கம் போக வேண்டும். கழற்றிய பிளக்கின் இரண்டு ஒயரையும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்தால் அந்தப் பக்கம் உச்சத்துக்கு ஏற வேண்டும். இரண்டும் ஒழுங்காக நடந்தால் ஒயரும் கன்ட்ரோலரும் நல்லதுதான், சென்சார்தான் குற்றவாளி. எதுவுமே அசையவில்லை என்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். சென்சாரை வாங்கிக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கும் வேலை இதனால் எனக்குப் பாதிக்கு மேல் குறைந்தது.

ரிலேக்களை ஒவ்வொன்றாக ஆன் செய்து பார்க்கும் வசதியும் உண்டு. குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை மட்டும் ஆன் செய்துவிட்டு, ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் இரண்டு பிளக்கும் இழுக்கிறதா, ஒன்று மட்டும் இழுக்கிறதா என்று ஆம்பியரிலேயே தெரிந்துவிடும். மைனஸ் 20 டிகிரி காலையில், கையுறை போட்ட விரலால் பிளக்கைக் கழற்றாமல் இதைச் செய்வது எவ்வளவு சுகம் என்று வெளியில் நின்று வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, கண்டன்சர் ஃபேனையும் இதே பக்கத்தில் இருந்துதான் ஆன் செய்ய முடியும், பட்டன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, உங்கள் கூட்டாளியின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

ஆனால் நான் இந்தச் சாஃப்ட்வேரை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இது எதுவும் இல்லை, லாக். கன்ட்ரோலர் தனக்குள் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. திரையில் வரும் பழுதுக் கோடு (ஃபால்ட் கோட்) "என்ன" என்று மட்டும் சொல்லும், லாக் "எப்போது, எதற்குப் பிறகு" என்று சொல்லும்.

போன வருஷம் ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் லாரியைக் கொண்டுவந்தார், சொந்த லாரி, டெக்சாஸ் பக்கம் ஓடுகிறவர். "தம்பி, பகல்ல ஒரு கரைச்சலும் இல்லை. ராத்திரி ஏசியைப் போட்டுப் படுத்தா அரை மணித்தியாலத்தில நிண்டு போகுது. மூண்டு இடத்தில காட்டிட்டன்." பழுதுக் கோடு பார்த்தேன், ஆயில் அழுத்தம் குறைவு. ஆயில் அளவு சரி. ஏற்கெனவே வேறு பட்டறைகளில் ஆயில் சுவிட்சை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள், சுவிட்ச் புதுசாகப் பளபளவென்று இருந்தது. நான் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தேன், அழுத்தம் நன்றாகவே இருந்தது. மூன்று மணி நேரம் ஓடவிட்டேன், நிற்கவே இல்லை. மனுஷன் என்னைப் பார்த்த பார்வையில் நான்காவது பட்டறை என்று எழுதியிருந்தது.

சாஃப்ட்வேரில் "வழிகாட்டும் பழுதறிதல்" என்று ஒன்று இருக்கிறது. ஆயிலைப் பார், சுவிட்சை மாற்று, பிறகும் வந்தால் கன்ட்ரோலரை மாற்று என்றது. கன்ட்ரோலர் விலையைக் கேட்டால் மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அதை மூடிவிட்டு லாக்கை இறக்கினேன். 14 தடவை நின்றிருந்தது. ஒவ்வொன்றாக நின்ற நேரத்துக்கு முந்தைய வரிகளைப் பார்த்துக்கொண்டே போனேன், ஐந்தாவதில் பொறி தட்டியது. நிற்பதற்குச் சரியாக ஒரு விநாடி முன்னால், கம்ப்ரசரை இன்ஜினோடு சேர்க்கும் கிளட்ச் ஆன். மீதி ஒன்பதிலும் அதே கதை. எங்கள் பட்டறையில் ஏப்ரல் மாதக் குளிர், கேபின் ஏற்கெனவே ஜில்லென்று இருக்க கம்ப்ரசர் எங்கே ஓடப்போகிறது? அதனால்தான் மூன்று மணி நேரமும் சமர்த்தாக ஓடியிருக்கிறது. டெக்சாஸ் இரவு வெக்கையில் கிளட்ச் ஒட்டுவதும் விடுவதுமாக இருந்திருக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு, கையில் டார்ச்சோடு குனிந்துகொண்டு, பக்கத்தில் இருந்த பையனை லேப்டாப்பில் கிளட்சை ஆன், ஆஃப், ஆன் என்று தட்டச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கிளட்ச் ஒட்டும்போது சின்ன இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. பதினோராவது தடவையில் நின்றுவிட்டது. ஆயில் சுவிட்சிலிருந்து வரும் ஒற்றை ஒயர் ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பைத் தாண்டிப் போகிறது, அந்த இடத்தில் உறை தேய்ந்து, அரிசி அளவுக்குச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. இந்த சுவிட்ச் அழுத்தம் இல்லாதபோது எர்த்தோடு சேரும் வகை. ஒயர் தகட்டில் பட்டாலும் எர்த்துதான், கன்ட்ரோலருக்கு இரண்டும் ஒன்று. அழுத்தம் போய்விட்டது என்று நம்பி இன்ஜினைக் காப்பாற்ற அணைத்துவிடுகிறது, பாவம், அதன் வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது. சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை ஒரு துண்டு, ஒரு ரப்பர் கிளாம்ப், ஒயரை இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டினேன். அவர் அதற்குப் பிறகு ஏபியுவுக்காக வரவில்லை, ஒருமுறை மாம்பழம் கொண்டுவந்தார்.

திரையில் தெரிவது கன்ட்ரோலர் என்ன நினைக்கிறது என்பது மட்டும்தான். ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, சுவிட்ச் எர்த் ஆகிறதா இல்லையா என்பதுதான் தெரியும். இதை மறந்துவிட்டுத்தான் நிறையப் பேர் பார்ட்ஸாக மாற்றித் தள்ளுகிறார்கள், நானும் முதல் வருஷம் அப்படித்தான் தள்ளினேன்.

அமைப்புகளை மாற்றும் பக்கம் ஓரளவு பரவாயில்லை. "யாரும் தொடாமலே நடுராத்திரி தானாக ஸ்டார்ட் ஆகிறது" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார்கள். பழுதில்லை, லாரி பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்ற ஏபியு தானே எழுந்துகொள்ளும். 12.2 வோல்ட் என்பது லெட் ஆசிட் பேட்டரியில் ஏறக்குறைய பாதி காலி. எத்தனை வோல்ட்டில் எழுந்துகொள்ள வேண்டும் என்பதைச் சாஃப்ட்வேரில் மாற்றலாம், ஆனால் நான் மாற்றுவதில்லை. முதலில் பேட்டரிகளைச் சோதிப்பேன், பெரும்பாலும் நான்கில் ஒன்று செத்து மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது வயிற்றெரிச்சல். லைசென்ஸ் வருஷச் சந்தா. அது கூடப் போகட்டும், 30 நாளுக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் உள்நுழைந்து ஆளைக் காட்டவில்லை என்றால் பூட்டிக்கொள்ளும். ஜனவரியில் வடக்கு ஒன்டாரியோவில் சிக்னல் இல்லாத ஒரு லாரி நிறுத்தத்தில், டிரைவர் கம்பளிக்குள் பல் நடுங்கிக்கொண்டிருக்க, "உங்கள் அனுமதி காலாவதியாகிவிட்டது" என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மல்டிமீட்டரும் டெஸ்ட் லைட்டும்தான் கைகொடுத்தன. கிளம்பும் முன் பட்டறையிலேயே ஒருமுறை உள்நுழைந்துவிட்டுப் போவது இப்போது டீ குடிப்பது போல ஆகிவிட்டது.

கன்ட்ரோலரில் புதுப் பதிப்பு ஏற்றுவது தனிக் கொடுமை. இரண்டாம் வருஷம் ஒருநாள் 70 சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் தூங்கிவிட்டது. மறுபடி எழுப்பினால் கன்ட்ரோலர் மூச்சுவிடவில்லை. தொலைபேசியில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, அவர்கள் சொன்னபடி ஃப்யூஸைக் கழற்றி மாட்டி மீட்பு முறையில் ஏற்றிய பிறகு உயிர் வந்தது. லேப்டாப்பில் தூக்கத்தை அணைத்துவிட்டு, லாரி பேட்டரிக்கு சார்ஜர் போட்டுவிட்டுத்தான் இப்போது தொடுவேன். புதுப் பதிப்பில் என்ன மாறியது என்று "பொதுவான மேம்பாடுகள்" என்று ஒரே வரி எழுதுவார்கள். அது என்ன மேம்பாடு என்று இதுவரை எனக்குத் தெரியாது.

இந்தச் சாஃப்ட்வேருக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. படுக்கை ஹீட்டர் எஸ்பார் கம்பெனியோ வெபாஸ்டோ கம்பெனியோ, அதற்குத் தனிக் கன்ட்ரோலர், எங்கள் சாஃப்ட்வேருக்கு அது இருப்பதே தெரியாது. பலமுறை பற்றவைத்துப் பார்த்துத் தோற்றால் ஹீட்டர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க அந்தந்தக் கம்பெனியின் வழி வேண்டும். குளிர்காலத்தில் வரும் "ஏபியு வேலை செய்யவில்லை" புகார்களில் நிறைய உண்மையில் ஹீட்டர் புகார்கள்தான். பெல்ட் தளர்ச்சி, டீசல் மெழுகாக உறைவது, சாலை உப்பில் அரித்துப்போன எர்த் கேபிள், இவையெல்லாம் திரையில் வேறு வேறு பெயரில் வரும், பெரும்பாலும் தப்பான பெயரில்.

சொந்த லாரிக்காரர்கள் இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒரு லாரிக்கு வேண்டாம், சந்தா கட்டி மாளாது. அந்தக் காசில் நல்ல மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் வாங்குங்கள். பட்டறைக்குப் போனால் பழுதுக் கோடை அழிக்கும் முன் லாக்கை இறக்கித் தரச் சொல்லுங்கள். சில யூனிட்டுகளில் பழுதுக் கோடை அழித்தால் அதோடு சேர்ந்து விவரமும் போய்விடும், அடுத்த பட்டறைக்காரன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாறு லாரி வைத்திருப்பவர்கள், ஒரு ஆளை உட்கார வைத்துப் பழக்க முடியுமானால், வாங்கலாம். பழைய சீரியல் போர்ட் உள்ள டஃப்புக் (முரட்டு லேப்டாப்) எங்கேயாவது கிடைத்தால் விடாதீர்கள், யூஎஸ்பி மாற்றியின் தலைவலியே இல்லை.