காதைத் தீட்டிய பதினைந்து மாதம்: டோஃபல் லிசனிங் பயிற்சி அனுபவம்

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அப்புறம் எம்.எஸ்சி. வேதியியல். ஆங்கிலத்தில் மெயில் எழுதுவேன், இயந்திரத்தோடு வரும் கையேட்டைப் படித்து விளங்கிக்கொள்வேன். ஆனால் வெளிநாட்டு சர்வீஸ் இன்ஜினியர் ஃபோனில் வந்தால் போதும், "நீங்களே பேசிருங்க சார்" என்று பக்கத்தில் இருப்பவர் கையில் திணித்துவிடுவேன்.

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு முயற்சி செய்யலாம் என்று 2024 நவம்பரில் முடிவெடுத்தபோது, அதற்கான ஆங்கிலத் தேர்வான டோஃபலில் எனக்கு வயிற்றைக் கலக்கியது லிசனிங், அதாவது கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி மட்டும்தான். 2026 பிப்ரவரியில் தேர்வை எழுதினேன். இடையில் இருந்த பதினைந்து மாதத்தில் எதைக் கேட்டேன், எது உதவியது, எதில் பணம் போனது என்பதை எழுதுகிறேன். கோடையில் இரண்டு மாதம் புத்தகத்தையே தொடவில்லை, அதையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் முழுக்க வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மெதுவான ஆங்கிலச் செய்திகள். 1959இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் தொடங்கியது. சுமார் 1500 சொற்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எல்லாமே புரிந்தது. அதுதான் சிக்கல். ஆரம்பப் படியாக வைத்த இடத்தில் நான் பாய் விரித்துப் படுத்துவிட்டேன். மாதக் கடைசியில் ஒரு மாதிரித் தேர்வு போட்டுப் பார்த்தால், இரண்டு மாணவர்கள் பேசிக்கொள்ளும் முதல் வாக்கியத்திலேயே தலை சுற்றியது.

அடுத்த தவறு, கட்டணச் செயலி. பெயர் வேண்டாம். மாதம் 499 ரூபாய். விளம்பரத்தில் "அன்றாட உரையாடல்கள் 1000" என்று இருந்தது. உள்ளே போனால் அத்தனையும் எழுத்தைக் கொடுத்துக் கணினியைப் படிக்க வைத்த குரல். மூச்சு வாங்காது, தடுமாறாது, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக ஆணி அடித்த மாதிரி சொல்லும். மனிதர் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் ஆட்டோ டெபிட்டில் பணம் போய்க்கொண்டிருந்தது தனிக் கதை.

நிஜமாகப் பலன் கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டும் சிவப்பு பேனாவும்.

செய்தது இதுதான். ஒன்றரை, இரண்டு நிமிட உரையாடல் ஒன்றை எடுப்பேன். முதல் தடவை சும்மா கேட்பேன். இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்த ஓசையை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவேன். அர்த்தம் தெரிகிறதா என்று யோசிக்கவே கூடாது. பிறகு எழுத்து வடிவத்தைத் திறந்து, சரியான வாக்கியத்தைச் சிவப்பில் கீழே எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுதினால் நம்மை அறியாமலே ஸ்பெல்லிங்கைச் சரி பண்ணிவிடுவோம்; காது கேட்டது ஒன்று, கை எழுதுவது ஒன்று என்று ஆகிவிடும். தமிழில் எழுதினால் காது செய்த திருட்டு அப்பட்டமாகத் தெரியும்.

என் முதல் நோட்டிலிருந்து சில. "வாட்டயா கொன டூ" என்று எழுதியிருக்கிறேன். கீழே சிவப்பில்: "வாட் ஆர் யூ கோயிங் டு டூ." இன்னொரு இடத்தில் "ஷுடா டோல்ஜா": "ஷுட் ஹாவ் டோல்ட் யூ." "அலாடா" என்பதை யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்றே நினைத்து, கேள்விக்கும் அப்படியே விடை போட்டேன். அது "அ லாட் ஆஃப்." எல்லாவற்றையும்விட "டர்னிடின்." ஏதோ சளி மாத்திரை போல இருந்தது. "டர்ன் இட் இன்", அதாவது அசைன்மென்டை ஒப்படை.

மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது, இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நாமும் இதைத்தானே செய்கிறோம்? "என்ன பண்ணிக்கொண்டு இருக்கிறாய்" என்று யார் பேசுகிறார்கள்? "என்ன பண்ணிட்ருக்க." புத்தகத்தில் தமிழ் படித்த வெள்ளைக்காரர் ஒருவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றால் அவருக்கும் இதே கதிதான். பள்ளியில் நிலைமொழி, வருமொழி என்று புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்தவர்கள் நாம். சொல்லோடு சொல் சேர்ந்தால் ஓசை திரியும் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. ஆங்கிலத்திலும் அது நடக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இந்த நோட்டு வேலைக்கு எனக்கு அதிகம் தோதாக இருந்தது ரேண்டலின் சைபர் லிசனிங் லேப். 1998 முதல் இணையத்தில் இருக்கும் இலவசத் தளம். வாடகை வீடு கேட்பது, கடையில் பொருளை மாற்றுவது, டாக்டரிடம் போவது என்று சின்னச் சின்ன அன்றாடப் பேச்சு, எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று படிகளில். பார்க்கப் பழங்கால வீடு மாதிரி இருக்கும், உள்ளே சரக்கு உண்டு. எல்லோ என்ற தளத்தில் பல நாட்டுக்காரர்கள் பேசுகிறார்கள். உச்சரிப்பு வகைகளுக்கு அது நல்லது. பிபிசியின் ஆறு நிமிட ஆங்கிலத்தை ஆசையாகக் கேட்டேன். இரண்டு பேர் பேசுவார்கள், ஆரம்பத்தில் ஒரு கேள்வி போட்டுக் கடைசியில் விடை சொல்வார்கள். ஆனால் அதன் எழுத்து வடிவத்தை முன்கூட்டியே படித்துவிட்டுக் கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு அங்கேதான் தொற்றியது. படித்துவிட்டுக் கேட்டால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். விடை பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது போல.

யூடியூபில் வேகத்தை முக்காலாகக் குறைத்தும் பார்த்தேன். விழுங்கிய ஓசை அதனால் வெளியே வந்துவிடாது. விழுங்குவதை மெதுவாகக் கேட்கலாம், அவ்வளவுதான். அதைவிட அதே துண்டைப் பத்து தடவை இயல்பான வேகத்தில் கேட்பது மேல்.

தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று "கேன்", "கேன்ட்" விவகாரம். கடைசியில் வரும் "ட்"டைப் பிடிக்க மாதக்கணக்கில் முயன்றேன். அமெரிக்கப் பேச்சில் அது பெரும்பாலும் தொண்டையோடு நின்றுவிடும். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: முடியும் என்று சொல்லும்போது "க்கன்" என்று மங்கலாக ஓடிவிடுகிறார்கள்; முடியாது என்னும்போதுதான் "கேன்" என்று அழுத்தி, உயிரெழுத்தை முழுசாக உச்சரிக்கிறார்கள். ஆக, தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் முடியாது. 13, 30 குழப்பமும் இதே ரகம். 13இல் இரண்டாவது அசை அழுந்தி "தர்டீன்" என்று "ட்" கணீரென்று விழும். 30 "தர்டி" என்று நாக்கை லேசாகத் தட்டிவிட்டுப் போகும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது தேர்வே மாறிவிட்டது. நான் தயாரிக்கத் தொடங்கியபோது இருந்த வடிவத்தில் லிசனிங்கில் மூன்று விரிவுரை, இரண்டு உரையாடல், 28 கேள்வி. 2026 ஜனவரி 21 முதல் புது வடிவம். ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் பொருத்தமான பதிலைத் தேர்ந்தெடுப்பது, சிறு உரையாடல், கல்லூரி வளாக அறிவிப்பு, சின்ன வகுப்புரை என்று நாலு வகை. முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். மதிப்பெண்ணும் 1 முதல் 6 வரை, அரை அரையாக. நீளம் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். தப்புக் கணக்கு. நீண்ட விரிவுரையில் ஒரு வாக்கியம் நழுவினாலும் அடுத்தது கைகொடுக்கும். ஒற்றை வாக்கியத்தில் அந்த வசதி இல்லை. நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் அது போய்விடும். மறுபடி போடமாட்டார்கள், திரையில் எழுத்தாகவும் வராது.

அதைவிடப் பெரிய வில்லங்கம், பதில் பல நேரம் நேராக இருக்காது. "புரொஃபசர் இன்னும் ரூமில் இருக்கிறாரா?" என்ற தினுசில் கேள்வி வந்தால், "ஆமாம், இருக்கிறார்" என்று எந்த விடையும் இருக்காது. "அவர் கார் வெளியே நிற்கிறதே" என்பதுதான் சரியான விடையாக இருக்கும். கேள்வியில் வந்த சொல்லே இருக்கும் விடையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தவறினேன். பயிற்சி மையம் ஒன்றில் மூன்று வாரம் போய்க் கற்றதும் அதுதான், "கீவேர்டைப் பிடிங்க." இந்த வகையில் அந்தக் கீவேர்டுதான் பொறி.

தெளிவு வந்தது எங்கள் மில் கேண்டீனில். "அண்ணே, டீ இருக்கா?" என்று கேட்டேன். "பால் இப்பத்தாம்மா வந்துச்சு" என்றார். நான் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் ஆகும், உட்கார் என்பது எனக்கு எப்படிப் புரிந்தது? அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் "இது எங்கள் கேண்டீனில் நடந்தால் என்ன பதில் வரும்" என்று யோசிக்க ஆரம்பித்தேன். டோஃபலை நடத்தும் ஈடிஎஸ் தளத்தில் உள்ள இலவச மாதிரித் தேர்வில் அந்தப் பகுதியில் பாதி தவறிக்கொண்டிருந்தவள், கடைசி மாதத்தில் ஒன்றிரண்டோடு நின்றேன்.

வளாக அறிவிப்புகளுக்குப் பயிற்சிப் பொருள் அதிகம் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் அள்ளினேன். ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் யூடியூபில் போட்டிருக்கும் நூலக அறிமுகம், விடுதிக்குக் குடிவரும் நாள் பற்றிய வீடியோக்கள். இரண்டு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களின் முதல் வகுப்பு. பாடம் எனக்குத் தேவையில்லை; சில பேராசிரியர்கள் முதல் சில நிமிடத்தில் வீட்டுப்பாடம் எப்போது, மதிப்பெண் எப்படி, எந்தத் தேர்வு எந்த அறையில் என்று பேசுவார்கள். அசல் வளாகப் பேச்சு அதுதான். இருமுவார், சொன்னதைத் திருத்துவார், "ஆக்சுவலி" என்று நிறுத்துவார். அந்த "ஆக்சுவலி"க்குப் பிறகு வருவதுதான் எழுதிக்கொள்ள வேண்டிய தகவல்.

சொற்களும் அங்கே வேறு. "ஆஃபீஸ் அவர்ஸ்" என்றால் நான் காலை பத்து முதல் ஐந்து என்று நினைத்திருந்தேன். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரமாம். நம் ஊரில் சிலபஸ் என்றால் பல்கலைக்கழகம் கொடுக்கும் பாடத்திட்டம். அங்கே அந்தந்த ஆசிரியர் தன் வகுப்புக்குத் தருவது, தேதி, விதி, மதிப்பெண் எல்லாம் அதில் இருக்கும். நூலகத்தில் "ரிசர்வ்" என்றால் நமக்காக எடுத்துவைத்த புத்தகம் இல்லை, ஒரு பாடத்துக்காக ஒதுக்கி, சில மணிநேரம் மட்டும் கையில் தருவது. இவை தெரியாமல் காது எவ்வளவு கூர்மையாக இருந்தும் புண்ணியமில்லை.

பயிற்சி பெரும்பாலும் காலை பஸ்ஸில், இருபது நிமிடம். டிரைவர் பாட்டுப் போடுவார், எனக்கு எரிச்சலாக வரும். தேர்வு மையத்தில் அதற்கு நன்றி சொன்னேன். நான் லிசனிங்கில் இருந்தபோது பக்கத்து இருக்கைப் பையன் ஸ்பீக்கிங்குக்குப் போயிருந்தான், ஹெட்ஃபோனைத் தாண்டி அவன் குரல் வந்தது. இளையராஜாவுக்கு நடுவே பழகிய காதுக்கு அது ஒன்றுமில்லை.

லிசனிங்கில் 4.5 வந்தது. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி2 நிலை. நான் கேட்ட துறைக்கு அது போதும். இன்னும் முடியாதவை உண்டு. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்தால் நகைச்சுவை எங்கே என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆஸ்திரேலியர் பேசினால் இன்னும் முதல் வாக்கியம் கோவிந்தா.

போன வாரம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று மெயிலில் கேட்டிருந்தேன். அந்த அம்மா படபடவென்று பேசிக்கொண்டே போனார். நடுவில் "வீ க்கன் வேவ் தட் ஃபார்யா" என்று விழுந்தது. மங்கலாக விழுந்தது. அப்படியென்றால் முடியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை, "யூ கேன், ஆர் யூ கேன்ட்?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே மெயில் அனுப்புவதாகச் சொன்னார். அன்று ராத்திரியே வந்தது, முடியும் என்றுதான் இருந்தது.