மூன்று சதுர மீட்டர் பட்டமும் ஆடிக்காற்றும்

ஜனவரியில் ராமேசுவரம் பக்கம் மூன்று நாள் கைட் சர்ஃபிங் வகுப்புக்குப் போனேன். பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு அது. முதல் நாள் மணலில் பட்டம். இரண்டாம் நாள் பலகை இல்லாமல், பட்டம் இழுக்கிற இழுப்பில் குப்புறக் கிடந்தபடி தண்ணீரில் போவது. மூன்றாம் நாள் பலகை. அதில் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீர்தான் மிச்சம்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். திருப்பூர் வந்து ஷிப்மென்ட் நெருக்கடியில் இரண்டு மாதம் ஓடியதும் கை பழகியது மறந்தது, ஆசையும் வற்றிவிட்டது. உடுமலை, பழனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் என்று ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிப்போய் மறுபடி முதல் பாடத்தில் நிற்க வேண்டுமே என்ற நினைப்பே ஆளைச் சோர வைத்தது.

அந்த இடைவெளிக்காகத்தான் மே கடைசியில் இந்தப் பயிற்சிப் பட்டத்தை இணையத்தில் வாங்கினேன். மூன்று சதுர மீட்டர், மூன்று கயிறு, பிடிக்க ஒரு கம்பி, மணிக்கட்டில் மாட்டும் பட்டை, ஒரு பை. 14,500 ரூபாய். 'பட்டத்துக்கா?' என்று அம்மா கேட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டி, மார்செய் கடலில் நடந்தது என்றேன். 'நீ போனாயா?' என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பனியன் கம்பெனிக்காரன் என்பதால் பிரித்ததும் தையலைத்தான் பார்த்தேன். துணி நல்ல ரிப்ஸ்டாப், அதாவது கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடும் துணி. கிழிந்தாலும் கட்டம் தாண்டி எளிதில் ஓடாது. முன் ஓரத்துத் துளைகள் வழியாகக் காற்று புகுந்து அறை அறையாக உப்புகிறது, குச்சியே கிடையாது. ஆனால் கயிறுகள் துணியோடு சேரும் இடங்களில் பிசிர் வெட்டவில்லை, இரண்டு இடங்களில் தையல் விட்டிருந்தது. எங்கள் செக்கிங் மேஜையில் அந்தத் துண்டு நகர்ந்திருக்காது. நானே பாலியஸ்டர் நூலில் இரட்டைத் தையல் போட்டேன், இன்றுவரை நிற்கிறது.

பறக்கவிட்ட இடம் குடிமங்கலம் பக்கம், சின்ன மாமனாரின் தரிசுக் காடு. மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைந்து நம் பக்கம் வந்து கொட்டுகிறது. அத்தனை காற்றாலைகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன. பட்டத்துக்கும் அது போதும் என்று நினைத்தேன். போதுமானதைவிட அதிகமாகவே இருந்தது. காற்றாலைக்குப் பின்புறம் காற்று சுழன்றடிக்கும், அங்கே விடாதீர்கள். மின்கம்பி கண்ணுக்குத் தெரிகிற காட்டுப் பக்கமே போகாதீர்கள்.

என் எடைக்கு மூன்று சதுர மீட்டர்தான் சரி என்று விற்றவர் சொன்னார். எடை 76 கிலோ. ஆடி இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணி. பின் ஓரத்தில் வைத்திருந்த மண்கட்டிகள் உருண்டன, பட்டம் எழுந்தது, நானும் எழுந்தேன். ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, நான் பத்தடி போய் முழங்காலில் விழுந்தேன். கம்பியை விட்டதும் மூன்றாவது கயிறு மணிக்கட்டுப் பட்டையில் இழுபட, பட்டம் சுருண்டு படுத்துவிட்டது. அந்த ஒரு வசதிக்காகவே இரண்டு கயிற்றுப் பட்டத்தை வேண்டாம் என்பேன். வரப்பில் நின்று பார்த்த மாமனார், 'மாப்பிள்ளை, காற்றாலைக்காரன் காற்றை வைத்துக் கரண்ட் எடுக்கிறான். நீங்கள் எதை எடுக்கிறீர்கள்?' என்றார்.

பிறகு காலை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டேன். தலைக்கு நேர்மேலே பன்னிரண்டு மணி, இரு பக்கமும் ஒன்பதும் மூன்றும் என்று வானத்தைக் கடிகாரமாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு வேலை: இந்த வாரம் ஒற்றைக் கையில் பன்னிரண்டு மணியில் நிறுத்துவது, அடுத்த வாரம் பட்டத்தைப் பார்க்காமல் எட்டுப் போடுவது. எத்தனை எண்ணும்வரை நின்றது என்பதைப் பண்டில் டிக்கெட் (வெட்டிய துணிக்கட்டோடு போகும் சீட்டு) பின்புறம் எழுதிக் கட்டிங் மேஜைக்கு மேலே குத்திவைத்தேன். 9, 14, 40, நடுவில் ஒரு 6, பிறகு 110. பலகையை மாட்டும்போது ஒரு கைதான் பட்டத்துக்கு என்பதால் அந்த எண்கள் எனக்குப் பெரிய விஷயம். திங்கட்கிழமை கட்டிங் மாஸ்டர் வந்ததும் டிக்கெட்டைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். கடலில் விடும் பட்டத்தில் கம்பியை நம் பக்கம் இழுத்தால் பட்டத்தின் இழுப்பு கூடும், தள்ளினால் குறையும். இந்தப் பயிற்சிப் பட்டத்தில் அது கிடையாது. பயந்தால் இறுக்கிப் பிடிக்கிற கெட்ட பழக்கம் சத்தமில்லாமல் ஊறிவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் ராமேசுவரம் போனபோது முதல் நாள் முழுக்கப் பயிற்சியாளர் 'விடுங்கள், விடுங்கள்' என்று கத்திக்கொண்டேதான் இருந்தார். ஆனால் மணல் பாடம் அரை மணியில் முடிந்தது. இரண்டாம் நாள் மாலை பலகையில் நின்றேன், நான்கு எண்ணும்வரை. அந்த 4-ம் மேஜைக்கு மேலே இருக்கிறது.

நம் ஊர்க் காற்றுக்கு இரண்டு சதுர மீட்டர் தாராளம், அதையே வாங்குங்கள். என்னுடைய மூன்றை மச்சினனுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அவன் 94 கிலோ.