போடிமெட்டு இறக்கமும் மூன்று மழைக்காலமும்: என் சைக்கிளின் ஹைட்ராலிக் பிரேக்

முந்தல் செக்போஸ்ட்டை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தி, பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் பின் சக்கரத்து ரோட்டாரில், அதாவது பிரேக் தகட்டில், தெளித்தேன். சொய்யென்று சத்தம், லேசாக ஆவி. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த தோட்ட ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, தோசை ஊத்தப் போறியா?"

"சூடு எவ்வளவுன்னு பாத்தேண்ணே."

"எறக்கத்துல பிரேக்கப் புடிச்சுக்கிட்டே வரக் கூடாதுப்பா. செகண்டு கியர்ல போட்டு விட்றணும்."

சைக்கிளில் எத்தனை கியர் இருந்தாலும் இறக்கத்தில் அது இழுத்துப் பிடிக்காது என்று சொன்னதும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயமே அதுதான். ஜீப்புக்கு எஞ்சின் பிரேக் உண்டு, நமக்கு அந்த இரண்டு தகடுகளை விட்டால் வேறு கதி கிடையாது.

என் எடை 82 கிலோ, சைக்கிள் பதினாலரை, முதுகுப் பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1000 மீட்டர் இறங்குகிறோம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 980 கிலோஜூல் வருகிறது. மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு இது. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும் மிச்சம் முழுக்க பிரேக்கில்தான் இறங்குகிறது.

அன்று சைக்கிளில் இருந்தது கம்பெனியிலிருந்தே வந்த கேபிள் டிஸ்க் பிரேக். போடி ஊருக்குள் ஓட்ட ஒரு குறையும் இல்லை. மலையில்தான் அதன் குணம் தெரிந்தது. என்னுடைய மாடலில், ரோட்டாரை இரு பக்கமும் கவ்வும் பேட்களில் ஒரு பக்கத்துப் பேட் மட்டுமே நகரும், மறுபக்கம் அசையாமல் நிற்கும். பேட் தேயத் தேய நாமே திருகி நெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். மேட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் போனால் ஜூனில் சாரலும் செம்மண் குழம்பும். அது கேபிள் உறைக்குள் இறங்கிவிட்டால் லீவர் கல் மாதிரி ஆகிவிடும். பத்தாவது வளைவில் விரல் மரத்துப் போய், கையை உதறுவதற்கென்றே நின்றிருக்கிறேன். மாற்றுவது என்று முடிவு செய்தது அந்தச் சொய் சத்தம் கேட்ட ஞாயிற்றுக்கிழமைதான்.

கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்கில் மூன்றைப் பார்த்து வைத்திருந்தேன்: ஷிமானோ எம்டி200, அதே கம்பெனியின் நான்கு பிஸ்டன் டியோர் எம்6120, ஸ்ராம் லெவல். பேடைத் தள்ளும் பிஸ்டன்களின் எண்ணிக்கையை மண்டையில் ஏற்றிக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் முடிவு செய்தது பிஸ்டன் இல்லை, ஆயில்.

ஷிமானோவில் மினரல் ஆயில். நான் பார்த்த லெவலில் டாட் 5.1, பைக், கார் பிரேக் ஆயிலின் இனம். சூட்டில் ஆயில் கொதித்துவிட்டால் பிரேக் பிடிக்காது. டாட் ஆயிலுக்குக் கொதிநிலை அதிகம், புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய நிலையில் அதற்கான வரம்பு 180தான். மூன்று மாதம் மூடுபனியில் மிதக்கும் ஏலத் தோட்டப் பக்கம் ஓட்டுபவன் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. மினரல் ஆயில் ஈரத்தைக் குடிக்காது. அதற்காக அது சாகாவரம் பெற்றதில்லை. உள்ளே போகும் தண்ணீர் கலக்காமல், பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரின் அடியில் போய்த் தங்கும், தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை, மழை முடிந்ததும் நான் மாற்றிவிடுகிறேன். டாட் போடி பஜாரிலேயே கிடைக்கும், மினரல் ஆயிலுக்குக் கூரியர்தான் கதி. ஆனாலும் 100 மில்லி பாட்டில் ஒன்று வாங்கினால் நம் ஒரு சைக்கிளுக்கு நாள்பட வரும்.

ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றக் கூடாது. கம்பத்து நண்பர் ஒருவர் மினரல் ஆயில் பிரேக்கை ஒரு கடையில் விட்டார். எந்த ஊர்க் கடை என்பது வேண்டாம். "பிரேக் ஆயில்தானே" என்று பைக்குக்கு ஊற்றுவதையே ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்ததாம். அப்புறம் உள்ளே ரப்பர் சீல்கள் ஊதி, பிடித்த லீவர் திரும்பி வரவில்லை. செட்டோடு தூக்கிப் போட்டார். தையல் மெஷின் ஆயில் ஊற்றலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம் சாமி.

எம்டி200 செட், ரோட்டார், அடாப்டர் எல்லாம் சேர்த்து எனக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது. ஆர்டர் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு வலது கைதான் முன் பிரேக், பைக் ஓட்டிப் பழகிய கை. வெளிநாட்டுக்காக வரும் செட்டுகள் பலவற்றில் முன் பிரேக் இடது கையில் இருக்கும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆயில் ஹோஸைக் கழற்ற வேண்டும், கழற்றினால் ஏர் ஏறும், அதை வெளியேற்ற ப்ளீடிங் செய்ய வேண்டும். புதுச் செட்டைப் பிரித்த அன்றைக்கே யாருக்கு அந்த வேலை?

மாட்டிய முதல் நாள் பிடித்துப் பார்த்தால் நிற்கவே இல்லை. ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். பேடின் பொடி ரோட்டாரில் படியும் வரை அப்படித்தான் இருக்கும். சமதளத்தில் ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் சறுக்காமல், நடை வேகம் வரும்வரை பிடித்து விட வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை. சுப்புராஜ் நகரில் அதிகாலையில் இதைச் செய்துகொண்டிருந்த என்னைத் தெரு நாய்கள் சந்தேகத்தோடு பார்த்தன. பதினைந்தாவது தடவையில் பிடி இறுகுவது விரலுக்கே தெரிந்தது.

அடுத்தது அக்கா மகன். காரில் ஏற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தேன். பொடியன் லீவரை நாலு அமுக்கு அமுக்கிவிட்டான். நடுவே ரோட்டார் இல்லாததால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்கள் ஒட்டிக்கொண்டன. பிளாஸ்டிக் டயர் லீவரால் மெல்ல நெம்பி உள்ளே தள்ள அரை மணி நேரம். இப்போது காலாவதியான ஏடிஎம் கார்டை இரண்டாக வெட்டிப் பையில் வைத்திருக்கிறேன். சக்கரம் கழன்றால் கார்டு உள்ளே போய்விடும்.

இன்னொரு முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. செயினுக்கு ஸ்ப்ரே ஆயில் அடித்தேன், காற்றில் இரண்டு துளி பின் ரோட்டாருக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு முழுக்கப் பன்றி கத்துகிற மாதிரி சத்தம், பிடி பாதிதான். ரோட்டாரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தேன். பேடை உப்புத் தாளில் தேய்த்தேன், அடுப்பில் வாட்டியும் பார்த்தேன். இரண்டு நாள் அடங்கி மறுபடி கத்தியது. எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போடுவதுதான் வழி. இப்போது செயினுக்குச் சொட்டு ஆயில் மட்டும்.

முதல் மழைக்காலத்தில் தோண்டிமலைப் பக்கம் ஜீப் பாதையில் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் முன் பேட் வெகுவாகத் தேய்ந்திருந்தது. வெயில் காலத்தில் 1400 கிலோமீட்டர் வந்த ரெசின் பேட், சேற்றில் 500கூடத் தாங்கவில்லை. மணல் கலந்த ஈரம் ரெசினை அப்படித்தான் தின்னும். மெட்டல் பேட் போடலாம் என்றால் செட்டோடு வாங்கிய ரோட்டாரில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருக்கிறது. மெட்டல் போட்டால் அந்த மென்மையான ரோட்டாரைச் சுரண்டிவிடும். எனவே இரண்டுக்கும் ஒத்துவரும் ஆர்டி66 ரோட்டார், முன்னால் 160க்குப் பதில் 180 மி.மீ. அளவில் வாங்கினேன். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் 180 வரை போடலாமா என்று பார்த்துவிட்டுத்தான்.

செய்த செலவிலேயே பலன் தெரிந்தது இதில்தான். அதே அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி, சூட்டைப் பரப்பவும் அதிகத் தகடு. மெட்டல் பேட் காலையில் முதல் இரண்டு பிடிக்குக் கொஞ்சம் கரகரக்கும். போகட்டும், சேற்றில் இருமடங்கு வருகிறது.

95 கிலோ நண்பர் ஒருவர் அந்த நான்கு பிஸ்டன் டியோர் வைத்திருக்கிறார். வாங்கி ஓட்டிப் பார்த்தேன். தார்ச் சாலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கல் உருளும் செங்குத்துப் பாதையில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விளிம்பிலேயே பிடித்து வைப்பதில் அது வேறு ஜாதிதான். அவர் எடைக்கு அவர் செய்தது சரி. என் மாதிரி ஆளுக்கு, காசு கையில் இருந்தால் முதலில் பெரிய ரோட்டார், அப்புறம் நல்ல பேட், அதற்கு அப்புறம்தான் பிஸ்டன்.

ஜீப்காரர் சொன்னதிலும் பாதி உண்மைதான். இப்போது பிடித்துக்கொண்டே வருவதில்லை. வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு பிடி, வளைவில் விட்டுவிடுவது. நேர்ச் சாலையில் ஓடும் நேரத்தில் ரோட்டார் ஆறிக்கொள்ளும். ஒரே விரலில் இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் கேபிளுக்கும் இதற்கும் நான் கண்ட வித்தியாசம். முந்தலில் கையை உதறி இரண்டரை வருடம் ஆகிறது.

போன வாரம் தெருமுனை லேத் பட்டறையில் வெர்னியர் வாங்கி முன் ரோட்டாரை அளந்தேன். 1.8 மி.மீ. தடிமனில் வந்தது, 1.55 காட்டுகிறது. 1.5க்குக் கீழே போனால் மாற்றச் சொல்லி அதிலேயே பொறித்திருக்கிறது. புதிது ஆர்டர் போட்டாகிவிட்டது. கூரியர் வரும்வரை மேட்டுப் பக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை குரங்கணி வரைதான்.